சர்க்கரையும் இதயமும் – 9: செருப்பு நுழையாத கால்

சென்ற வாரம் 1970-ம் ஆண்டில் நிறுத்தியிருந்தேன். அமெரிக்காவின் 12 மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வில், டோல்புடமைட் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இதய நோயால் இறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். நம் ஊரில் ரஸ்டினான் என்ற பெயரில் விற்ற அதே மாத்திரைதான். சர்க்கரை இறங்கியிருந்தது. பிறகு உயிர் ஏன் போனது? மருத்துவ உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருஷக்கணக்கில் சண்டை போட்டது. ஆய்வே தப்பு என்றது ஒரு கட்சி. சண்டை ஓய்ந்தபோது கேள்வியும் மறந்துபோயிருந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வேறொரு மாத்திரைதான் அதை மறுபடி கிளப்பியது. அந்தக் கதைக்குள் போகுமுன் நெமிலிச்சேரியில் கொஞ்சம் இறங்கிக்கொள்வோம்.

நான் குடியிருக்கும் ஊர் இது. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே இருக்கும் சின்ன ஸ்டேஷன். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை இங்கே திருவள்ளூர் சாலையைத் தொட்டுவிட்டு மீஞ்சூர் பக்கம் போகும். ஸ்டேஷன் வழியே ஓடும் தண்டவாளம் பழசு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன பாதை.

அந்தப் பாதை கிளம்பிய ராயபுரத்துக்கு நம் தொடரில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், 1954-ல் தன்னுடைய நீரிழிவு மருத்துவமனையை ராயபுரத்தில்தான் தொடங்கினார். மேற்கே போனால் நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். கல்லும் காசும் இல்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினாரே பூசலார், அவர் ஊர். அங்கே இருதயாலீஸ்வரர் சந்நிதியில் நெஞ்சு நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். சர்க்கரைக்கு ராயபுரம், இதயத்துக்குத் திருநின்றவூர். மருத்துவமும் நெடுங்காலம் இந்த இரண்டு நோயையும் இப்படித்தான் வேறு வேறு ஸ்டேஷனாக வைத்திருந்தது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் இருப்பது தெரியவந்தது மிகத் தாமதமாகத்தான்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாள் எனக்கு முன்னால் நின்றார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பழைய அட்டையை நீட்டி, “இதே மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடுப்பா” என்றார்.

“சுகர் எவ்ளோ இருக்குமா?”

“வெறும் வயித்துல நூத்தி இருபதுப்பா. நல்லா கன்ட்ரோல்ல இருக்கு. கால்தான் வீங்கிப்போவுது. செருப்பே நுழைய மாட்டேங்குது.”

“நின்னுக்கிட்டே வேலை பாக்குறீங்க இல்ல, அதான்மா. படுக்கும்போது காலைத் தூக்கி வெச்சுக்கோங்க.”

கடைக்காரத் தம்பி அக்கறையாகத்தான் சொன்னார். அட்டையை எட்டிப் பார்த்தேன். ஒரே மாத்திரையில் மூன்று மருந்து: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன். மூன்றாவது பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்று ஒரு சிறுநகரம். 1948 முதல் அந்த ஊர்க்காரர்களின் இதயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பரிசோதித்து எழுதி வைத்துவருகிறார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் எல்லாம் மாரடைப்புக்குக் காரணம் என்று உலகத்துக்குச் சொன்னதில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1974-ல் அங்கிருந்து இன்னொரு கணக்கு வெளியானது. சர்க்கரை நோய் இருக்கும் ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெண்களுக்கு ஐந்து மடங்கு.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடுவதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வேண்டிய அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். எக்கோ எடுத்துவிட்டு “பம்பிங் கம்மியா இருக்கு” என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பம்பிங் அளவு சரியாக இருந்தும், சுவர் விறைத்துப்போய் இதயம் நிரம்ப மறுக்கும் வகையும் உண்டு. இரண்டிலும் தண்ணீர் தேங்கும். காலில் தேங்கினால் செருப்பு நுழையாது. நுரையீரலில் தேங்கினால் மல்லாந்து படுக்க முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியும்.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. 2013-ல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தது. சராசரி வயது 61. மேலை நாடுகளில் எழுபதைத் தாண்டி வருவது நம்மிடம் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. பல புற்றுநோய்களைவிட மோசமான எண் இது. ஆனாலும் சர்க்கரை நோயாளியிடம் கண்ணைப் பார், சிறுநீரகத்தைப் பார், பாதத்தைப் பார் என்று சொன்ன அளவுக்கு இதன் பெயரை யாரும் சொல்லவில்லை. 1974-ல் கையில் கிடைத்த எச்சரிக்கை அப்படியே கிடந்தது.

1999-ல் இரண்டு புதிய மாத்திரைகள் வந்தன.

*

ஒன்று ரோசிகிளிட்டசோன், இன்னொன்று பயோகிளிட்டசோன். இவற்றின் அண்ணன் டிரோகிளிட்டசோன் கல்லீரலைக் கெடுத்து உயிர்களை வாங்கியதால் 2000 மார்ச்சில் அமெரிக்கச் சந்தையைவிட்டே போனது. தம்பிகள் இருவரும் கல்லீரலை அவ்வளவாகத் தொடவில்லை. அதுவரை வந்த மாத்திரைகளில் பலவும் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைத்தன. இவை செல்லுக்குள் போய், இருக்கிற இன்சுலினுக்கே உடம்பை இணங்க வைத்தன. இன்சுலின் இருந்தும் வேலை செய்யாததுதான் பெரும்பாலோரின் கோளாறு. அதனால் நோயின் வேரையே பிடித்துவிட்டோம் என்ற உற்சாகம் டாக்டர்களிடம் நிஜமாகவே இருந்தது. ரோசிகிளிட்டசோன் உலகத்தில் அதிகம் விற்கும் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றானது.

ஆனால் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கால் வீங்கியது. எடை ஏறியது. சிலருக்கு மூச்சு வாங்கியது. இந்த மருந்துகள் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் உப்பைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். தேறிய இதயம் அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே நொந்துபோன இதயத்தால் முடியாது. சர்க்கரை நோயாளியின் இதயம் நொந்துபோகும் என்பதைத்தான் ஃபிராமிங்ஹாம் 25 வருஷம் முன்னாலேயே சொல்லியிருந்தது. 2005-ல் 5,238 பேரிடம் பயோகிளிட்டசோனைச் சோதித்த புரோஆக்டிவ் ஆய்விலும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனைக்குப் போனவர்கள் கூடுதலாகத்தான் இருந்தார்கள். அது கட்டுரைக்குள் ஒரு வரியாகப் படிக்கப்பட்டதே தவிர, எச்சரிக்கையாகப் பரவவில்லை.

பரவ வைத்தவர் கிளீவ்லாந்து கிளினிக்கின் இதய நோய் நிபுணர் ஸ்டீவன் நிசென். ரோசிகிளிட்டசோனைத் தயாரித்த நிறுவனம், வேறொரு மருந்து தொடர்பாக நியூயார்க் மாநில அரசோடு நடந்த வழக்கின் சமரசத்தால், தன் ஆய்வு முடிவுகளை இணையத்தில் வெளியிட வேண்டியிருந்தது. நிசென் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஏறக்குறைய 28,000 பேரைக் கொண்ட 42 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார். 2007 மே 21 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. ரோசிகிளிட்டசோன் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு 43 சதவீதம் அதிகம்.

மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கமெல்லாம் அந்த மாத்திரைதான். ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதயச் செயலிழப்பு பற்றிய கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை இரண்டு தம்பிகளின் மருந்துக் குறிப்பிலும் அச்சிடச் சொன்னது. 2010-ல் ஐரோப்பா ரோசிகிளிட்டசோனை நிறுத்தியது. அதே வருஷம் இந்தியாவும் தடை செய்தது.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாரடைப்புக் குற்றச்சாட்டு பின்னால் வந்த மறுபரிசீலனையில் பலவீனமானது. 2013-ல் அமெரிக்கா, ரோசிகிளிட்டசோனுக்கு விதித்திருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆனால் இதயச் செயலிழப்புக் குற்றச்சாட்டை எந்தப் பரிசீலனையும் அசைக்கவில்லை. ரோசிகிளிட்டசோனை உருவாக்கிய நிறுவனமே நடத்திய ஆய்விலும் அது இரண்டு மடங்காகத்தான் இருந்தது. பயோகிளிட்டசோன் இந்தியாவில் 2013 ஜூனில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் தடைபட்டு, ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பியது. இன்றும் விற்கிறது. நெமிலிச்சேரி அம்மாளின் அட்டையில் இருந்தது அதுதான்.

*

நிசென் கட்டுரையின் சூடு ஆறுவதற்குள் இன்னொரு இடி விழுந்தது. மாத்திரை எதுவாக இருந்தாலும், சர்க்கரையை நன்றாக இறக்கிவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதுவரை உறுதியாக இருந்தது. அதை நிரூபிக்கத்தான் அக்கார்டு என்ற ஆய்வு 10,251 பேரைச் சேர்த்திருந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுபோகும் கடும் சிகிச்சை. 2008 பிப்ரவரியில் அந்தக் கடும் சிகிச்சை அவசரமாக நிறுத்தப்பட்டது. வழக்கமான சிகிச்சையில் 203 பேர் இறந்திருந்தார்கள். கடும் சிகிச்சையில் 257 பேர்.

சர்க்கரை நோயின் வரலாற்றை வருஷக்கணக்காகப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்சுலின் கண்டுபிடித்த 1921-க்குப் பிறகு இந்தத் துறையை உலுக்கிய நாள் இதுதான். சர்க்கரையை இறக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது கட்டாயம் வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் ஒற்றை எண்ணைப் பார்த்து இதயம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது.

அதே 2008 டிசம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய விதி போட்டது. இனி எந்தச் சர்க்கரை மாத்திரை வந்தாலும், சர்க்கரையை இறக்குகிறது என்று காட்டினால் போதாது. இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்றும் காட்ட வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஆயிரக்கணக்கானோரை வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும், கோடிக்கணக்கில் செலவு. நிறுவனங்கள் முணுமுணுத்தன. புதிய மருந்தே வராது என்றார்கள்.

விதியின் முதல் பலன்களில் ஒன்று 2013 செப்டம்பரில் வந்தது. சாக்ஸாகிளிப்டின் என்ற மருந்தை 16,492 பேரிடம் சோதித்த சேவர் ஆய்வு. மாரடைப்பு கூடவில்லை, குறையவும் இல்லை. நிறுவனம் நிம்மதியடையும் நேரத்தில், எதிர்பாராத ஒரு வரியில் எல்லார் கண்ணும் நின்றது. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 27 சதவீதம் அதிகம். உப்பைப் பிடித்து வைக்கும் குணமே இல்லாத மருந்து அது. கிளிப்டின் குடும்பத்தில் எல்லாமே அப்படி இல்லை. சிட்டாகிளிப்டினைப் பரிசோதித்தபோது அந்தக் கேடு தென்படவில்லை. ஆனாலும் தேடாத இடத்தில் இரண்டாவது முறையாக அதே நோய் தலை காட்டியிருந்தது. அடுத்து வரிசையில் நின்ற மருந்து என்ன செய்யப்போகிறதோ என்று எல்லாரும் கவலையோடு பார்த்தார்கள்.

*

வரிசையில் நின்ற அந்த மருந்தின் பூர்வீகம் ஓர் ஆப்பிள் மரம்.

1835-ல் பெல்ஜிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஃபுளோரிசின் என்று பெயரிட்டார்கள். காய்ச்சலுக்கு உதவுமா என்று பார்த்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1886-ல் ஜெர்மன் மருத்துவர் யோசப் வான் மேரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. ரத்தத்தில் சர்க்கரை கூடவே இல்லை. சிறுநீரில் சர்க்கரை போவதே நோயின் அடையாளம் என்றிருந்த காலத்தில், அது நோயை உண்டாக்கும் பொருளாகத்தான் தெரிந்தது.

நம் சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டுகிறது. ஒரு பொட்டுகூட வீணாகாமல் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. அந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற ஒரு புரதம். அதை மட்டும் தடுக்கும்படி ஃபுளோரிசினை மாற்றியமைத்தால், கணையத்தையோ இன்சுலினையோ தொந்தரவு செய்யாமல் அதிகப்படிச் சர்க்கரையை வெளியேற்றிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் மருந்துகள் எல்லாம் இப்படிப் பிறந்தவை. சர்க்கரை வெளியேறும்போது கூடவே உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எம்பாகிளிஃப்ளோசினுக்கும் இதயப் பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 7,020 சர்க்கரை நோயாளிகளை 42 நாடுகளில் சேர்த்தார்கள். கேடு செய்யவில்லை என்று காட்டினால் போதும், அதுதான் முதல் இலக்கு.

2015 செப்டம்பர் 17, ஸ்டாக்ஹோம். ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டின் பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. ஆய்வை நடத்திய குழுவின் தலைவர் பெர்னார்ட் சின்மன், இன்சுலின் பிறந்த அதே டொரன்டோ நகரத்துக்காரர். திரையில் ஒவ்வொரு வரைபடமாக ஏறியது. இதய நோய் மரணம் 38 சதவீதம் குறைவு. எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் 32 சதவீதம் குறைவு. கூட்டத்தின் நடுவிலேயே கைதட்டல் எழுந்தது. மருத்துவ மாநாடுகளில் அது அபூர்வம்.

இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனை சேர்க்கை: 35 சதவீதம் குறைவு.

ஹோட்டல் அறைகளுக்குத் திரும்பிய நிபுணர்கள் அந்த வரைபடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் கோடும் சாப்பிடாதவர்களின் கோடும் சில வாரங்களிலேயே பிரிய ஆரம்பித்திருந்தன. சர்க்கரையைக் குறைத்து அவ்வளவு சீக்கிரம் எந்த இதயத்தையும் காப்பாற்ற முடியாது. மாரடைப்பும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. இரு தரப்புக்கும் ஹெச்பிஏ1சி வித்தியாசமும் சொற்பம்தான். அப்படியென்றால் இதயத்தைக் காப்பாற்றியது எது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜான் மெக்மரே என்ற இதயச் செயலிழப்பு நிபுணர், அடுத்த கேள்விக்குப் போனார். இதயத்தைக் காப்பது சர்க்கரை குறைவதால் இல்லை என்றால், சர்க்கரை நோயே இல்லாதவருக்கு இந்தச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2017 பிப்ரவரியில் டாபாகிளிஃப்ளோசினை வைத்து அந்த ஆய்வு தொடங்கியது. இந்தியா உட்பட 20 நாடுகள், பம்பிங் குறைந்த 4,744 பேர். பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. முடிவு 2019 செப்டம்பர் 1 அன்று பாரிஸில் வாசிக்கப்பட்டது. அந்த அரங்குக்குள் அடுத்த வாரம் போவோம். இந்த மருந்துகளின் சொந்தத் தொல்லைகளும், 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து எம்பாகிளிஃப்ளோசினின் விலை இந்தியாவில் சரிந்த கதையும் அதற்குப் பின்னால் வரும்.

அதுவரை இந்தத் தொடரைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டையில் இருக்கும் மருந்துகளின் பெயரை ஒருமுறை படித்து வையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால், சில நாட்களுக்குள் எடை இரண்டு கிலோ ஏறினால், படுத்தால் மூச்சு முட்டினால், அதை மருந்துக்கடையில் சொல்லி விட்டுவிடாதீர்கள். பயோகிளிட்டசோன் பலருக்கு நல்ல மருந்துதான், விலையும் குறைவு. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆகாது. நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் போய்க் கால் வீக்கத்தைக் காட்டுங்கள், “எனக்கு எக்கோ பார்க்கணுமா? இந்த மாத்திரை என் இதயத்துக்கு ஆகுமா?” என்று கேளுங்கள். அன்றைக்கு அந்த அம்மாளிடமும் இதைத்தான் சொன்னேன்.

(தொடரும்)